நெடுந்தூர மோட்டார் சைக்கிள் பயணத்துக்குக் காற்றுத் திண்டா, ஃபோம் மாற்றமா, ஜெல்லா, விரிப்பா?

நெடுந்தூரம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரியும்: வண்டியில் எரிபொருள் தீர்வதற்கு வெகு முன்பே ஓட்டுபவரின் பொறுமை தீர்ந்துவிடுகிறது. முதல் ஒரு மணி நேரம் எந்த இருக்கையும் குறை சொல்ல முடியாததாகவே இருக்கும். அதன் பிறகு இடுப்பைச் சற்று முன்னே நகர்த்துகிறோம், பின்னே தள்ளுகிறோம், ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபக்கத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம். மூன்றாவது மணி நேரத்தில் சாலையைவிட இருக்கையைப் பற்றிய நினைப்பே மேலோங்கி நிற்கிறது. இந்த நிலைக்கு வந்தவர்கள் வழக்கமாக நான்கு தீர்வுகளுக்கு இடையே தடுமாறுகிறார்கள். இருக்கையின் மேல் காற்றுத் திண்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். இருக்கையின் ஃபோமையே வெட்டி மறுபடி வடிவமைக்கலாம். ஜெல் திண்டு வைக்கலாம். வலைவிரிப்பு, மணிவிரிப்பு, ஆட்டுத்தோல் போன்ற மேல்விரிப்புகளில் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் என்ற அமைப்பு, 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,609 கிலோமீட்டர் ஓட்டி முடிப்பவர்களுக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அந்தப் பயணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே சாடில்சோர், அதாவது சேணத்தால் வரும் புண். அத்தனை தொலைவை ஒரே நாளில் கடப்பவர்களிடையே கூட ஒருவர் தன் உடலுக்கென்று செய்த இருக்கையிலும், இன்னொருவர் காற்றுத் திண்டிலும், வேறொருவர் மரமணி விரிப்பிலும் அமர்ந்து ஓட்டுகிறார்கள். ஆகவே எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், நமக்கு வலிப்பது எங்கே, எப்படி என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இருக்கை வலி என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் பல வலிகளின் தொகுப்பு. பிட்டத்தின் இரு பக்கமும் குறிப்பிட்ட இரண்டு புள்ளிகளில் எரிவதுபோல் தொடங்கி மரத்துப்போவதில் முடிந்தால், அது இடுப்பெலும்பின் கீழ்முனைகள் சதையை அழுத்துவதால் வரும் வலி. எரிபொருள் தொட்டியை நோக்கிச் சறுக்கிக்கொண்டே போய்க் கவட்டைப் பகுதி அழுந்தினால், இருக்கையின் சரிவு தவறாக இருக்கிறது. தொடையின் உட்பக்கம் வலித்தால் இருக்கையின் விளிம்பு கூர்மையாகவோ அளவுக்கு மிஞ்சி அகலமாகவோ இருக்கிறது. தோல் மட்டும் எரிந்து சிவந்தால் வியர்வையும் உடையின் தையலும் காரணம். வால் எலும்பிலும் கீழ்முதுகிலும் வலி வந்தால் கைப்பிடியின் உயரம், கால்மிதியின் இடம், பின் சஸ்பென்ஷனின் இறுக்கம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். காற்றுத் திண்டு இவற்றில் முதல் வலிக்குச் செய்யப்பட்ட மருந்து. மற்றவற்றுக்கு அதை வாங்குபவர்களே பிறகு அதைத் திட்டித் தீர்ப்பவர்கள்.

முதல் வலிக்கு அது ஏன் பொருந்துகிறது என்பதை விளக்கப் பள்ளிப் பாடமே போதும். ஃபோம் ஒரு சுருள்வில்லைப் போன்றது. எந்த இடத்தில் அதிகமாக அமுங்குகிறதோ அந்த இடத்தில் அதிகமாகத் திருப்பித் தள்ளும். எலும்பு முனைகள்தான் ஆழமாக அமுங்குபவை என்பதால், ஏற்கெனவே அழுத்தம் மிகுந்த அந்த இரண்டு புள்ளிகளையே ஃபோம் மேலும் வலுவாகத் தள்ளுகிறது. மூடிய பையிலுள்ள காற்று அப்படிச் செய்வதில்லை. பாஸ்கல் விதிப்படி அதன் உள்ளே எல்லா இடத்திலும் அழுத்தம் ஒன்றே. எலும்பு முனைக்குக் கீழே இருக்கும் காற்று விலகி, தொடையின் கீழும் பிட்டத்தின் ஓரங்களிலும் போய் நிரம்பி, அந்தப் பகுதிகளையும் சுமை தாங்க வைக்கிறது.

இதற்கு எல்லையும் உண்டு. இரத்த நுண்குழாய்களின் தமனி முனையில் அழுத்தம் சராசரியாக 32 மி.மீ. பாதரசம் என்று யூஜீன் லாண்டிஸ் 1930-ல் விரல் நகத்தின் அடித்தோலில் அளந்தார். வெளியிலிருந்து அதற்கு மேல் அழுத்தினால் அந்த இடத்தில் இரத்த ஓட்டம் தடைபடக்கூடும். அது கறாரான எல்லைக்கோடு அன்று என்றாலும், தோராயமான அளவுகோலாக இன்றும் பயன்படுகிறது. ஓட்டுபவரின் எடையில் 60 கிலோ இருக்கையின் மேல் இறங்குகிறது என்றும், 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள பரப்பு அதை முற்றிலும் சமமாகத் தாங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், அழுத்தம் ஏறத்தாழ 37 மி.மீ. வருகிறது. அதாவது, குறையே இல்லாத ஒரு திண்டு இருந்தாலும் அந்த அளவுகோலைச் சற்றுத் தாண்டித்தான் நாம் உட்கார்ந்திருப்போம். எனவே எந்தத் திண்டும் வலி வரும் நேரத்தைத் தள்ளிப்போடுமே தவிர, ஒரு மணிக்கோ ஒன்றரை மணிக்கோ ஒருமுறை இறங்கி நடப்பதற்கு மாற்றாகாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து செல்லும் பயணங்களில் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வும் சொல்கிறது. இறங்கி நடக்க அது இன்னொரு காரணம்.

காற்றுத் திண்டுகள் எல்லாம் ஒரே சாதி அல்ல. சக்கர நாற்காலியிலேயே நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் தடுப்பதற்காக, ராபர்ட் கிரேபே என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970-களில் உருவாக்கியதுதான் ரோஹோ திண்டு. விரல்களைப்போல் நிமிர்ந்து நிற்கும் பல சிற்றறைகள் அடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் அந்த அமைப்பையே அதே நிறுவனம் ஏர்ஹாக் என்ற பெயரில் மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. இன்று வேறு பலரும் அதே வடிவத்தில் செய்கிறார்கள். இரண்டாவது வகை, நடுவில் சில இடங்களில் மட்டும் ஒட்டப்பட்ட ஒற்றைப் பை. இது மலிவு, ஆனால் காற்று ஒரே வீச்சில் இங்கிருந்து அங்கே ஓடிவிடுவதால் படகில் அமர்ந்ததுபோல் ஆடும், அறைகளுக்கு இடையே வெளி இல்லாததால் வியர்வையும் தேங்கும். மூன்றாவது, உள்ளே ஃபோமும் காற்றும் சேர்ந்த, முகாம்களில் விரித்துப் படுக்கும் மெத்தையின் சிறிய வடிவம். இது நிலையாக இருக்கும், ஆனால் அழுத்தத்தைப் பரப்புவதில் பாதிதான் தேறும். பலவறைத் திண்டு ஒன்றையே உண்மையான காற்றுத் திண்டாக நான் கருதுகிறேன். ஒற்றைப் பையை வாங்குவதற்கு, இருக்கும் இருக்கையோடே போய்விடலாம்.

இனி அதன் குறை. காற்று தாங்கும்; பிடிக்காது. வளைவில் உடலைச் சாய்க்கும்போது, சாயும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடுவதால் அந்தச் சாய்வை எதிர்த்து நிற்க அடியில் எதுவும் இருப்பதில்லை. எலும்பு முனைக்கு நிம்மதி தருகிற அதே குணம்தான் இங்கே குற்றமாகிறது. ஃபோம் இருக்கையில் பின் சக்கரம் இலேசாகச் சறுக்கினாலும் பிட்டத்துக்குத் தெரிந்துவிடும்; காற்றின் மேல் அந்தச் செய்தி மங்கலாக, சற்றுத் தாமதமாக வந்து சேரும். நேரான நெடுஞ்சாலையில் இது ஒரு பொருட்டே இல்லை. கொண்டையூசி வளைவுகளிலும், சரளைக்கல் பாதையிலும், நெரிசலில் நடைவேகத்தில் வண்டியைத் திருப்பும்போதும் இது பொருட்டாகிறது. சில திண்டுகளில் இடப்பக்க அறைகளையும் வலப்பக்க அறைகளையும் தனித்தனியே பிரித்திருப்பார்கள். ஆட்டம் அதில் ஓரளவு குறையும்.

உயரமும் கூடுகிறது. முறையாகக் காற்றைக் குறைத்த பிறகும் இரண்டு செ.மீ. போல இருக்கை உயர்ந்துவிடும். நெடிய ஓட்டுநருக்கு அது வரமே. முழங்கால் மடிப்பு தளர்கிறது. நிற்கும்போது கால்விரல் நுனி மட்டுமே தரையில் படுகிறவருக்கோ, சரிவான இடத்தில் பெட்டிகளை ஏற்றிய வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு செ.மீ. நினைவுக்கு வரும். அப்படிப்பட்டவர்கள் இதை விட்டுவிட்டு ஃபோம் மாற்றத்தைப் பற்றி யோசிப்பது பாதுகாப்பானது.

காற்றுத் திண்டைப் பற்றி எழும் புகார்களில் பெரும்பகுதி காற்றின் அளவைப் பற்றியது. நானும் முதல் நாள் அதை ஊதி நிரப்பி, பலூனைப்போல் விறைப்பாக்கி, அதன் மேல் ஏறி அமர்ந்து ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பழைய இருக்கையே தேவலை என்று கழற்றிப் பெட்டியில் போட்டவன்தான். முறை வேறு. திண்டை நிரப்பி இருக்கையில் கட்டி, வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, கால்களைக் கால்மிதியிலும் கைகளைக் கைப்பிடியிலும் வைத்து, ஓட்டும் நிலையிலேயே அமர்ந்து, வால்வைத் திறந்து காற்றைச் சிறிது சிறிதாக விட வேண்டும். எலும்பு முனைகள் கீழிருக்கும் இருக்கையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அதாவது ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. இடைவெளி எஞ்சும்போது, வால்வை மூடிவிட வேண்டும். இறங்கிப் பார்த்தால் திண்டு பாதி காலியானதுபோல் தொளதொளவென்று கிடக்கும். அதுவே சரியான அளவு. மேலே குறிப்பிட்ட 37 மி.மீ. என்பது டயர் காற்றளவுமானியின் கணக்கில் ஒரு பி.எஸ்.ஐ. கூட இல்லை. டயருக்குக் காற்று அடிக்கும் கருவியை இதன் அருகில் கொண்டுபோக வேண்டியதே இல்லை, வாயால் ஊதினாலே போதும்.

மலைப்பாதையில் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது காற்றழுத்தம் ஏறத்தாழ 70 விழுக்காடாகக் குறைகிறது. அதனால் சமவெளியில் அடைத்த காற்று மேலே போனதும் ஏறத்தாழ 1.4 மடங்கு இடத்தைக் கேட்கிறது. காலையில் மென்மையாக இருந்த திண்டு கணவாயில் கல்லாகிவிட்டது என்று சிலர் சொல்வது இதைத்தான். மேலே ஒருமுறை காற்றை விட வேண்டும். இறங்கிய பின் மறக்காமல் திரும்ப ஊத வேண்டும், இல்லாவிட்டால் அடிவாரத்தில் வெறும் இருக்கையின் மேல் அமர்ந்திருப்போம். வெயிலின் விளைவு இந்த அளவுக்கு இல்லை: 20 பாகை செல்சியஸிலிருந்து 50 பாகைக்குச் சூடேறினால் பருமன் பத்து விழுக்காடு கூடும்.

அதிர்வைப் பொறுத்தவரை காற்றுத் திண்டின் நடத்தை இரு விதமானது. நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும் ஒற்றை உருளை எஞ்சின் நொடிக்கு 100 முறை அதிர்கிறது. இருக்கை வழியாக ஏறி மரத்துப்போகச் செய்யும் இந்த வேக அதிர்வைக் காற்று நன்றாகவே தடுக்கிறது. முதுகுத்தண்டு மேலும் கீழுமான அசைவுக்கு அதிகம் இரையாவதோ நொடிக்கு 4 முதல் 8 அதிர்வு வரையிலான மெதுவான ஆட்டத்தில். அது சாலையின் மேடுபள்ளத்திலிருந்து வருவது, அதைத் தாங்க வேண்டியது சஸ்பென்ஷன். காற்று மிகுந்த திண்டு அந்த ஆட்டத்தைக் குறைப்பதற்குப் பதில் துள்ளலாகக் கூட்டிவிடக்கூடும். மோசமான சாலையில் முதுகு வலிக்கிறது என்பவர் திண்டு தேடுவதற்கு முன், தன் எடைக்கும் சுமைக்கும் ஏற்பப் பின் சஸ்பென்ஷனின் முன்னழுத்தத்தை, அதாவது அதன் சுருள்வில்லின் தொடக்க இறுக்கத்தை, சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு ஸ்பேனர் போதும்.

காற்றுத் திண்டுக்கு உண்மையான போட்டி, இருக்கையின் ஃபோமை மாற்றி வடிவமைப்பதுதான். நல்ல கைவினைஞர் ஒருவர் முன்சரிவைச் சமப்படுத்தி, எலும்பு முனைகள் இருக்கும் இடத்தை அகலமாக்கி, தொடை படும் விளிம்புகளை மழித்து, தளர்ந்த ஃபோமை எடுத்துவிட்டு அடர்த்தி கூடிய ஃபோமை வைத்துக் கொடுத்தால், மேலே சொன்ன வலிகளில் மூன்று ஒரே நாளில் தீர்ந்துவிடும். இருக்கையின் உயரம் அதிகமாகாது, வண்டியின் பேச்சு பிட்டத்துக்குக் கேட்கும், பஞ்சர் பயம் இல்லை, மழையில் உறை நனையாது. நெடுந்தூர இருக்கைகளுக்குப் பெயர்பெற்ற கார்பின் போன்ற தயாரிப்பாளர்களின் இருக்கைகள் முதல் தடவை அமர்பவருக்குக் கட்டையாகத் தோன்றும். நான்கு மணி நேரம் கழித்துத்தான் அந்தக் கட்டைத்தன்மையின் காரணம் விளங்கும். கடையில் விரலால் அழுத்திப் பார்த்து மென்மையாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுகிறார், ஏனெனில் மென்மையான ஃபோம் உடல் எடையில் முழுவதும் அமுங்கி, அடித்தட்டின் மேலேயே நம்மை உட்கார வைத்துவிடும். இதிலுள்ள ஆபத்து ஒன்றுதான்: வெட்டிய ஃபோமைத் திரும்ப ஒட்ட முடியாது. இயலுமானால் பழைய இருக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, வேறொரு இருக்கையில் வேலையைச் செய்யச் சொல்வது நல்லது. வண்டியை விற்றுவிட்டு வேறு வண்டிக்கு மாறினால் அந்தச் செலவு வண்டியோடே போய்விடும்; காற்றுத் திண்டோ நம்மோடு வரும்.

மெல்ல அமுங்கி மெல்லப் பழைய வடிவுக்குத் திரும்பும் நினைவு ஃபோம் (மெமரி ஃபோம்) பற்றி ஒரு சொல். 1966-ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தின் தேவைக்காகச் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய இந்தப் பொருள் விமான இருக்கைக்காகப் பிறந்தது, வெயிலில் நிறுத்தும் வண்டிக்காக அன்று. குளிரில் இறுகுகிறது, சூட்டில் இளகிவிடுகிறது. அடர்த்தியான ஃபோமின் மேல் மெல்லிய அடுக்காக வைத்தால் பயன் உண்டு. முழு இருக்கையையும் அதனால் நிரப்புவது வீண்.

ஜெல் திண்டின் கவர்ச்சி தொட்டுப் பார்க்கும்போது குளிர்ச்சியாக இருப்பதில்தான் இருக்கிறது. அது அமுங்குவதில்லை, நகர்ந்து கொடுக்கிறது. ஆகவே போதிய தடிமன் இருந்தால்தான் எலும்பு முனைக்கு இடம் கிடைக்கும், போதிய தடிமன் இருந்தால் கனக்கும். உடல் சூட்டையும் வெயிலையும் வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்வதால், ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திய வண்டியில் ஜெல் இருக்கையின் மேல் அமர்வது தண்டனை. குளிர்ப்பகுதிகளில் ஓட்டுபவர்களுக்கு இந்தக் குறை குறையாகத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

மேல்விரிப்புகளை அலட்சியமாக ஒதுக்குபவர்கள் பலர். நான் அப்படிச் செய்யமாட்டேன். தடித்த முப்பரிமாண வலைவிரிப்பும் மரமணி விரிப்பும் எலும்பு அழுத்தத்தைக் குறைப்பதில் பெரிதாக எதுவும் செய்துவிடாவிட்டாலும், உடலுக்கும் ரெக்சினுக்கும் இடையே காற்றை ஓட விடுகின்றன. வியர்வையில் ஊறிய தோல்தான் உராய்வில் முதலில் புண்ணாவது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது என்பதால், ஆட்டுத்தோல் வெயிலிலும் குளிரிலும் ஒரேமாதிரி ஒத்துழைக்கிறது. நல்ல மழையில் நனைந்துவிட்டால் மட்டும் அது உலர நெடுநேரம் ஆகும். தோல் எரிச்சல்தான் உங்கள் தொல்லை என்றால் விரிப்போடு சேர்த்து உள்ளாடையையும் மாற்றிப் பாருங்கள்: பருத்திக்குப் பதில் வியர்வையை வெளியேற்றும் துணி, பிட்டத்தின் அடியில் தடித்த தையல் இல்லாத கால்சட்டை. பல பேருடைய பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடுகிறது.

பின்னால் அமர்பவரின் நிலை தனி. அவர் பெரும்பாலும் பின் சக்கர அச்சுக்கு மேலேயே அமர்கிறார், ஒவ்வொரு குழியின் அடியும் அவருக்குத்தான் முழுமையாகப் போய்ச் சேர்கிறது, கால்மிதியில் எழுந்து நின்று அதைத் தவிர்க்கவும் அவருக்கு வழியில்லை. வண்டியைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு இல்லாததால் காற்றுத் திண்டின் குறையான மங்கிய உணர்வு அவரைப் பாதிப்பதும் இல்லை. இரண்டு பேர் போகும் பயணத்துக்கு ஒரே ஒரு திண்டு வாங்க முடியும் என்றால், அதைப் பின் இருக்கைக்கு வாங்குங்கள். பட்டைகளை மட்டும் இருக்கைக்கு அடியில் கொண்டுபோய் இறுகக் கட்ட வேண்டும். தொங்கும் பட்டை சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கினால் விளைவு விபரீதம்.

எலும்பு முனை வலி மட்டுமே தொல்லை, இருக்கையின் வடிவம் பொருந்துகிறது, ஓட்டுவதும் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் என்றால் பலவறைக் காற்றுத் திண்டை வாங்கலாம். தேவைப்படும் நாளில் கட்டி, மற்ற நாள்களில் சுருட்டி வைத்துவிடலாம் என்பதே அதன் பெரிய வசதி. இருக்கை முன்னோக்கிச் சரிகிறது, விளிம்பு வெட்டுகிறது, கால் எட்டவில்லை, அல்லது வளைந்த மலைச்சாலைகளே உங்கள் விருப்பம் என்றால், அதே தொகையைச் சேர்த்துவைத்து ஃபோமை மாற்றுங்கள். தவறான சரிவின் மேல் காற்றுத் திண்டை வைத்தால் சறுக்கல் இன்னும் எளிதாகும். இரண்டு பிரச்சினையும் உள்ளவர் முதலில் ஃபோமைச் சரிசெய்து சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு திண்டைப் பற்றி முடிவு செய்யலாம்; அப்போது அது பலருக்குத் தேவைப்படாமலே போகிறது. என் சொந்த ஏற்பாடு ஒரு கலவை: ஒருமுறை வடிவமைத்த கட்டையான ஃபோம், அதன் மேல் எப்போதும் வலைவிரிப்பு, ஒரு நாளில் 400 கிலோமீட்டரைத் தாண்டும் பயணங்களுக்கு மட்டும் வலைவிரிப்பை எடுத்துவிட்டுக் காற்றுத் திண்டு.

திண்டை வாங்குபவர்கள் உறையையும் கவனிக்க வேண்டும். அது நெகிழும் துணியாக, சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். முரசின் தோலைப்போல் இறுகிய உறை, அறைகள் உடலின் வடிவத்துக்கு அமுங்கவிடாமல் தூளியைப்போல் தாங்கிப்பிடித்து, காற்றின் பயனையே கெடுத்துவிடும். புறப்படுவதற்கு முந்தைய இரவு திண்டை நன்றாக ஊதி, மேலே கனமான பொருள் ஒன்றை வைத்துவிட்டு, காலையில் பாருங்கள்; தளர்ந்திருந்தால் சோப்பு நீரில் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டிவிடலாம், வால்வின் அடியில் கசிந்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஒட்டுத்துண்டும் பசையும் டயர் கருவிப்பையிலேயே இருக்கட்டும்.